முடிக்காமல் வைத்த சிவப்புப் போர்வை

ஊசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது நடுவில் ஒடிந்தது. பாதி என் விரலிடுக்கில், பாதி போர்வைக்குள். அரக்குச் சிவப்புப் பட்டில் அந்த இடம் மட்டும் காப்பிக் கறை மாதிரி பழுப்பேறியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, நான் எழுந்து நின்று கத்துவதற்கு முன்னால் குத்தி வைத்த ஊசி அது. அன்றைக்கு நீ எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாய்.

உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தினம் இரண்டு வேளை பார்த்துக்கொண்டவர்களுக்குக் கடிதத்தின் தேவை என்ன இருந்தது? இப்போது எழுதும்போதும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய்ச் சாத்திய ஜன்னலைத் திறக்கிறேன், மறுபடி வந்து சாத்துகிறேன். கடையில் நாள் முழுக்கப் புடவையை விரித்து விரித்து மடித்த கை, வீட்டுக்கு வந்தும் எதையாவது மடித்துக்கொண்டே இருக்கிறது. துண்டை மடித்தேன். காய்கறிப் பையை மடித்தேன். நேற்று செய்தித்தாளை எட்டாக மடித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கடைதான் நம்மைச் சேர்த்தது. பிள்ளையார்பாளையத்தில் ஏறி பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்குவேன். உன் ஷேர் ஆட்டோவில் முன்சீட்டில் உன் பக்கத்தில்தான் எப்போதும் இடம் கிடைக்கும், ஒரு பெண் ஓட்டுகிற வண்டியில் ஆம்பளைகள் அங்கே உட்காரக் கூச்சப்படுவார்கள் என்பதால். பத்து நாள் பேசாமல் வந்தேன். பதினோராவது நாள் நீதான் கேட்டாய்.

"பட்டுக்கடையில வேல செய்யற இல்ல? வெட்டுத்துண்டு ஏதாச்சும் வீணாப் போனா எடுத்தாந்து குடேன்மா."

"எதுக்கு?"

"போர்வ தைக்கறோம். சனிக்கெழம மூணு மணிக்கு சர்ச் பின்னாடி ஹால்ல. நீயும் வாயேன், வீட்ல உக்காந்துக்கினு இன்னா பண்ணப் போற?"

என் வீட்டுக்காரர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெண் நிவேதா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று வியந்தேன். பிறகு புரிந்தது, உனக்குத் தெரியாது. ஆட்டோவில் ஏறுகிற எல்லாப் பெண்களையும் நீ அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். வந்தவள் நான்.

அந்த ஹாலில் ஏழெட்டுப் பேர். சாவி வைத்திருந்தவர் லூர்துக்கா, சொந்தமாக டெய்லர் கடை நடத்துபவர், எங்கள் எல்லோரையும்விட நாலைந்து வயது பெரியவர். டெய்லர் கடைகளில் மிஞ்சும் ஜாக்கெட் துண்டுகள், கறை பட்டு விற்காமல் போன பட்டுத் துண்டுகள், எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து மேல்துணி ஆக்குவோம். உள்ளே பழைய நூல்புடவை இரண்டு மடிப்பு, அடியில் வேட்டி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து முழுக்க நூலோட்ட வேண்டும். பாயில் போர்வையை விரித்து ஆளுக்கொரு ஓரம் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.

நீ எதையும் முடித்ததில்லை. அதைச் சொல்லாமல் உன்னைப் பற்றி எழுத முடியாது. ஒன்றை ஆரம்பித்து நாலு வரிசை போனதும் உனக்கு வேறு ஏதாவது தோன்றிவிடும். அதைச் சுருட்டி ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு அடுத்ததை எடுப்பாய். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஸ்டாண்டில் உட்கார்ந்து தைப்பாய், ஆள் ஏறியதும் ஊசியை உன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு வண்டியைக் கிளப்புவாய். காக்கிச் சட்டைக் காலரில் நூல் தொங்கிக்கொண்டே நீ ஊரைச் சுற்றியது எல்லோருக்கும் தெரியும். உன் தையல் கோணல்மாணலாகப் போகும். லூர்துக்கா அதைப் பிடித்துக் காட்டிச் சிரித்தால் நீயும் சிரிப்பாய்.

"ரோட்ல பள்ளம் இருந்தா வளைஞ்சுதான் ஓட்டணும். பழக்க தோஷம்."

நான் நேர் எதிர். எடுத்தால் முடித்துவிட்டுத்தான் தூங்குவேன். ஒரே ஒரு போர்வையைத்தான் அவசரப்படாமல் தைத்தேன். அது நிவேதாவின் கல்யாணத்துக்கு. அவள் காலேஜ் மூன்றாம் வருஷம் போனபோது ஆரம்பித்தேன். என்னுடைய கூறைப்புடவையை எடுத்து வந்து ஹாலில் பாயின்மேல் விரித்தேன். சரிகை கறுத்து, மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். நீ எதிரில் குந்தி உட்கார்ந்து, அதன் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாய்.

"வெட்டறதுனா வெட்டு. இல்லன்னா மடிச்சு உள்ள வை. இப்டி பாத்துக்கினே நின்னா பொடவைக்கும் பயம், எனக்கும் பயம்."

வெட்டினேன். உள்ளே வைத்தது என் வீட்டுக்காரரின் இரண்டு வேட்டிகள். தாயும் தகப்பனும் சேர்ந்து போர்த்துகிற மாதிரி இருக்கும் என்று நீதான் சொன்னாய். அன்று நான் அழுதேன், நீ அழவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாய்.

அடுத்து வருவதை எழுதத்தான் நாலு நாளாக ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை. கடையில் முகூர்த்தக் கூட்டம். எங்கள் தெருக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். என் பெண் நிவேதா ரிஜிஸ்டர் ஆபீசில் மாலையும் கழுத்துமாக நிற்கிறாள், சாட்சிக் கையெழுத்துப் போட்டது என் கூட்டாளி ஆட்டோக்காரம்மாதான் என்றார். பையன் யார் என்று அவரே சொன்னார். உன் தெருவுக்கு அடுத்த தெரு. உன் ஆட்களில் ஒருவன். முசரவாக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரின் அண்ணன் அன்று சாயங்காலமே வந்து, வாசலில் நின்றபடியே, "இனிமே அவ செத்தா பொழச்சா எங்களுக்குச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை நான் வரமாட்டேன் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நான் வந்தேன். போர்வையை விரித்து, எல்லோரும் உட்காருகிறவரை பொறுத்து, ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன். நீ அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாய்.

"நீதானே கூட்டிக்கினு போன?"

நீ நிமிரவில்லை. "ஆமா. நான்தான்."

"உன் ஜனம்னுதானே இட்டுக்கினு போய்க் குடுத்த? வேற எவனாச்சும்னா செஞ்சிருப்பியா? எத்தினி வருஷம் கூட உக்காந்து சாப்ட்டாலும் உங்க புத்தி உங்கள வுட்டுப் போவுமா?"

நீ நூலை ஊசிக் காதில் நுழைத்துக்கொண்டே இருந்தாய். நுழையவில்லை. வாயில் வைத்து ஈரப்படுத்தி மறுபடி நுழைத்தாய். நுழையவில்லை. லூர்துக்கா உன் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

உன் வீட்டில் சாப்பிட்டதைக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவள் நான். நான் அதெல்லாம் பார்க்கறதில்ல என்று சொல்வேன். பார்க்காதவளுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்காமல், தேடாமல், கையெட்டும் தூரத்தில் தயாராக இருந்ததே.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் நடந்தே கடைக்குப் போனேன். ஆட்டோவில் ஏறினால் அது உன்னுடையதாக இருந்துவிடுமோ என்ற பயம். நீ என்னைக் கடந்து போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைப்பாய். ஒரு ஐப்பசி மழையில் எனக்கு இணையாக வண்டியை உருட்டிக்கொண்டே வந்தாய், பின்னால் சவாரிகள் முணுமுணுத்தார்கள். "ஏறு வசந்தா. பேச வேணாம், ஏறு, அவ்ளோதான்" என்றாய். நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டேன். அந்தச் சந்து எங்கும் போகாத சந்து. மழை விடுகிறவரை ஒரு தறி வீட்டுச் சுவரை ஒட்டி நின்றேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் நீ போய்விட்டாய். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தபோது ஹேண்டில்பார் மேல் தலையைச் சாய்த்திருக்கிறாய். தூங்குகிறாய் என்று நினைத்து வரிசையில் பின்னால் இருந்தவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தாராம். கடையில் ஒரு பெண் வந்து சொன்னபோது என் முன்னால் வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார்கள், தாயும் மகளும், திருத்தணிப் பக்கம். நான் கையில் இருந்த புடவையை விரித்தேன். மறுநாள் உன்னை வண்டியில் வைத்துக் கடை வாசல் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். வேலைசெய்யும் பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஒரு அம்மாளுக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றை விரித்தேன், இன்னொன்றை விரித்தேன், அதன்மேல் இன்னொன்று. அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "போதும்மா, எதுவும் வேணாம்னு அப்பவே சொல்லிட்டேனே" என்றார். என் முழங்கால் உயரத்துக்குப் பட்டு குவிந்திருந்தது.

அதன்பிறகுதான் இந்த இருப்புக்கொள்ளாமை வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மறுபடி மாட்டிக்கொள்வேன். ராஜவீதிகள் நாலையும் சுற்றுவேன். கோயிலுக்குள் போனால் சாமி முன்னால் நிற்க முடியாது, வரிசை நகர்வதற்குள் வெளியே வந்துவிடுவேன். ஊசியைத் தொடவே இல்லை. ஜாக்கெட்டில் பொத்தான் விழுந்தால் ஊக்கு குத்திக்கொண்டேன்.

போன மாதம் லூர்துக்கா போன் செய்தார்.

"ஹாலுக்கு வெள்ளையடிக்கப் போறாங்க. பீரோவக் காலி பண்ணணுமாம். உன் மூட்ட ஒண்ணு இருக்குது. சனிக்கெழம மூணரைக்கு வந்து எடுத்துக்கினு போ."

"நீங்களே யாருக்காவது குடுத்துடுங்கக்கா."

"நான் குடுக்க மாட்டேன். வந்து நீயே குடு, கொளுத்து, இன்னாவோ பண்ணு."

போனேன். கதவருகில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள், பழைய முகங்கள். யாரும் எழுந்து வரவில்லை, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பாயில் இடம் விட்டு நகர்ந்தார்கள். பீரோவில் இருந்த மூட்டைகள் எல்லாம் நடுவில் குவிந்து கிடந்தன. அதில் ஏழு உன்னுடையவை. லூர்துக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு குழந்தைப் போர்வை, ஒரே ஒரு வரிசை. ஆட்டோ சீட்டுக்கு உறை, ஒரு பக்கம் மட்டும். ஒரு பை, பிடி இல்லாமல். பச்சையும் மஞ்சளுமாகச் சதுரங்கள் வெட்டி நூலில் கோத்து வைத்தது, சதுரங்கள் மட்டும். உன் கோணல் தையலைப் பார்த்ததும் ஒருத்தி சிரித்தாள், உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளுக்கொண்ணு எடுத்து முடிங்க" என்றார் லூர்துக்கா. பிறகு என் மூட்டையை என் மடியில் வைத்தார்.

"இத முடிச்சு ஆஸ்பத்திரிக்குக் குடுத்துர்லாம்னு ரெண்டு தடவ எடுத்தோம். அவ வுடல. அது வசந்தாவோடது, அவ வந்து முடிப்பான்னு திரும்ப உள்ள வெச்சுட்டா. தைக்கறதும் கெடையாது, தைக்க வுடறதும் கெடையாது."

அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன், ஊசி ஒடிந்தது. எழுந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கிற மாதிரி பானையருகே போனேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து, பை எங்கே வைத்தேன் என்று தேடினேன், அது என் தோளிலேயே இருந்தது. கிளம்பிவிடலாம் என்று வாசல் பக்கம் திரும்பியபோது நிவேதா உள்ளே வந்தாள்.

இடுப்பில் குழந்தை. ஒன்றரை வயது இருக்கும், வாயில் பிஸ்கட். நிவேதா என்னைப் பார்த்ததும் நின்றாள். நானும் அவளும் லூர்துக்காவைப் பார்த்தோம்.

"நான்தான் ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். திட்டறதுனா என்னத் திட்டுங்க. நாங்க வெளிய மரத்தடியில உக்காந்திருக்கோம்" என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனார்.

ஹாலில் நாங்கள் மூன்று பேர். குழந்தை இறங்கி உன் பச்சைச் சதுரங்களைப் பிடித்து இழுத்தது.

"இங்க எப்டி நீ?" என்றேன்.

"ஒரு வருஷத்துக்கு மேலயே சனிக்கெழம வந்துக்கினு இருக்கேன்மா. ஆன்ட்டி கூட்டிக்கினு வந்தாங்க. அவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேல, ஷிப்ட் போனா ராத்திரிதான் வருவாரு. தனியா இருக்காதன்னு சொல்லி இட்டாந்தாங்க."

"பிரசவத்துக்கு யார் இருந்தாங்க?"

"ஆன்ட்டிதான். அத்தைக்கு அப்ப உடம்பு சரியில்ல. பதினாறு நாள் ஆட்டோ ஓட்டல அவங்க."

பதினாறு நாள் உன் ஆட்டோ ஸ்டாண்டில் இல்லாதது எனக்கு நினைவிருக்கிறது. நான் கவனித்தேன். எங்காவது தொலைந்தாள் என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. வேறு எதுவும் வராதபோது எனக்குக் கோபம் வருகிறது. "அவ உன்ன அன்னிக்கு இட்டுக்கினு போவாம இருந்திருந்தா இது எதுவுமே இல்ல. நான்தான் உன் பக்கத்துல இருந்திருப்பேன்" என்றேன்.

நிவேதா குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, ஆன்ட்டி என்ன இட்டுக்கினு போல. நான்தான் அவங்க வண்டியில ஏறினேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் போங்கன்னு சொன்னேன். அவங்க போல. கூரம் ரோட்டுல வண்டிய வுட்டாங்க. ஊருக்கு வெளிய போய் நிறுத்திட்டு ஒன்ற மணி நேரம் பேசினாங்க. ஆறு மாசம் குடு, உங்கம்மாகிட்ட நான் பேசறேன்னாங்க. திரும்பி வந்து நம்ம தெருமுனையில ரெண்டு தடவ நிறுத்தினாங்க. எறங்கு, வீட்டுக்குப் போலாம்னாங்க. நான் எறங்கல. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா ஆறு மாசத்துல எனக்கு வேற எடத்துல முடிச்சுடுவாருன்னு சொன்னேன். நீங்க போகலன்னா எறங்கி ரயில் தண்டவாளம் பக்கம் போறேன்னு சொன்னேன். அப்பதான் வண்டிய எடுத்தாங்க. வழி முழுக்க அழுதுக்கினேதான் ஓட்டினாங்க."

"ஏன் சொல்லல?" என்றேன். "நீ சொல்லல, சரி. அவ ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. உங்கம்மாவுக்கு யார் மேலயாச்சும் கோவம் இருந்துதான் தீரும். அது என் மேலயே இருக்கட்டும். உன் மேல வந்தா ஆறாதுன்னு சொன்னாங்க. என் மேல வந்தது ஒரு நாள் ஆறிடும், எனக்கு வசந்தாவத் தெரியும்னு சொன்னாங்க."

குழந்தை சதுரங்களை ஒவ்வொன்றாக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது. வாங்கி வாங்கி மடியில் வைத்தேன்.

இப்போது உன்னிடம் நேராகக் கேட்கிறேன். உனக்கு யார் கொடுத்தார்கள் இந்த உரிமையை? என் கோபம் எங்கே போக வேண்டும் என்று நீ எப்படித் தீர்மானிக்கலாம்? என் பெண் மேல் கோபப்பட்டு, அடித்து, அழுது, அடுத்த மாதமே அவள் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேனோ என்னவோ. அதைச் செய்து பார்க்க நீ விடவில்லை. இப்படி உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு ராஜவீதியைச் சுற்றி வருகிறேன். இரண்டு சுற்று முடிவதற்குள் தெரிந்துவிடுகிறது, நீ கணக்குப் போட்டது சரி. பெண் மேல் வந்திருந்தால் ஆறியிருக்காது. அவள் பெரியப்பாவோடு சேர்ந்து நானும் அவளை ஒரேயடியாகத் தலைமுழுகியிருப்பேன். உன் மேல் வந்ததும் ஒரு நாள் ஆறத்தான் செய்தது. அந்த நாள்வரை நீ இருப்பாய் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அது ஒன்றில்தான் இரண்டு பேரும் ஏமாந்தோம்.

அன்று நிவேதாவும் நானும் கட்டிப்பிடித்து அழவில்லை. போர்வையைப் பாயில் விரித்தேன். ஒடிந்த ஊசியை எடுக்கக் கொஞ்சம் பட்டைக் கிழிக்க வேண்டியிருந்தது. அவள் எதிர் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் தைப்பதைப் பார்த்தேன், உன்னிடம் கற்றவள், வேறு எப்படித் தைப்பாள்? பிரித்துவிட்டுத் திருப்பித் தை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வெளியே இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

வீட்டுக்குப் போய் அந்த வாரம் முழுக்க எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க உன் கல்லறைக்குப் போனேன். பூ வைத்துவிட்டு, கேட்காமலே திரும்பினேன். உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "அவ உங்களப் பத்தித் தப்பா ஒண்ணும் பேசனதில்லம்மா" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது. எங்கே சொன்னேனோ அங்கேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த ஹாலில், அந்த ஆட்கள் முன்னால்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்த பிறகு எழுந்து நின்றேன். நிவேதாவும் இருந்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு அவளப் பாத்து நான் ஒண்ணு சொன்னேன். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது தப்பு. அவ இன்னா செஞ்சான்னு இப்ப தெரிஞ்சதால மட்டும் தப்புன்னு சொல்லல. அவ நெசமாவே இட்டுக்கினு போயிருந்தாலும் நான் அதச் சொல்லியிருக்கக் கூடாது. அவகிட்ட கேக்க முடியல. அதான் இங்க சொல்றேன்."

ஒருத்தி, "சரிம்மா, உக்காரு, ஆனது ஆயிப்போச்சு" என்றாள். நான் உட்காரப் போனேன். மனசு லேசாகும் என்று காத்திருந்தேன்.

லூர்துக்கா தைத்துக்கொண்டே பேசினார். நிமிரவில்லை.

"வசந்தா, அன்னிக்கு நீ 'உன் புத்தி'ன்னு சொல்லல. 'உங்க புத்தி'ன்னு சொன்ன."

நான் நின்றேன்.

"நானும் இங்கதான் உக்காந்துக்கினு இருந்தேன். அவ மட்டும்தான் அந்த ஜனமா? அவ கையில இருந்து ஊசிய வாங்கினேனே, எதுக்குன்னு நெனச்ச? அவளால கோக்க முடியலன்னு வாங்கினேன். வாங்கி என்னாலயும் கோக்க முடியல."

லூர்துக்கா உன் சபைக்காரர், உன் சொந்தம், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாளில் ஒருமுறைகூட, அந்தச் சொல் அவர்மேலும் விழுந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. நான் உன்னை நினைத்து, உன்னை மட்டும் நினைத்து, ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் மூட்டையைப் பீரோவில் காப்பாற்றி வைத்தார். போன் செய்தார். என் பெண்ணை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். எல்லாவற்றையும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே செய்திருக்கிறார்.

பாயைச் சுற்றி நடந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் ஊசியைத் துணியில் நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. ஒரு புடவையின் நிறம் வெயிலில் எப்படி இருக்கும் என்று வெளியே எடுத்துப் போய்ப் பார்ப்பார்களே, அந்த மாதிரிப் பார்வை.

"தெரியலம்மா" என்றார். "உடனே ஆங், சரின்னு சொல்ல எனக்கு வரல. அவளா இருந்தா சொல்லியிருப்பா. நான் அவ இல்ல. நீ வந்துக்கினு இரு. பாக்கலாம்."

இன்றோடு ஐந்து சனிக்கிழமை ஆகிறது. சிவப்புப் போர்வையில் இன்னும் கால்வாசி மிச்சம் இருக்கிறது. நிவேதாவின் தையலும் என் தையலும் நடுவில் ஒருநாள் முட்டிக்கொள்ளும், அப்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். முசரவாக்கத்தில் தை மாதம் ஒரு கல்யாணம், நிவேதாவின் பெரியப்பா பத்திரிகை வைக்க வந்தார். பெண்ணையும் பேத்தியையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொன்னேன். பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என்ன ஆகும் என்று தெரியாது. போகப்போகிறேன்.

உன் ஏழு மூட்டைகளில் யாரும் எடுக்காத அந்தப் பிடியில்லாத பையை நான் எடுத்துக்கொண்டேன்.

லூர்துக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை. அவருக்குப் பக்கத்திலேயே உட்காருகிறேன். நூல் தீர்ந்தால் எடுத்துக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறார். டீ வந்தால் எனக்கும் ஒன்று ஊற்றுகிறார். சில நாள் பேசுகிறார், சில நாள் பேசுவதில்லை. பேசாத நாட்களில் எழுந்து ஓடிவிட வேண்டும் போல் கால் துடிக்கிறது. முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, ஐந்து மணி வரை உட்கார்ந்திருக்கிறேன்.